ஓரத்தில் நின்றவர்

மதுரையில் எனக்குப் படச்சட்டம் போடும் கடை. சாமி படம், கல்யாணப் படம், மாலை போடப்போகும் படம் என்று இருபத்தெட்டு வருடமாக எல்லாவற்றுக்கும் நாலு பக்கமும் கட்டை அடித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் மாலினி கூப்பிட்டபோதே சொல்லிவிட்டேன்: "எனக்கு ஓவியம் தெரியாதுடி. ஓரம் மட்டும்தான் தெரியும்."

மாலினி கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. படிப்பு முடிந்ததும் இலங்கையில் சொந்த ஊரான மாத்தளைக்குப் போய்விட்டாள். அவளுடைய தாய்மாமா சிவநேசன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர், ஓவியர். வயதான காலத்தில் அவர் புதுவிதமாகச் சில முகங்களை வரைந்திருக்கிறார் என்றும், அவற்றைக் கண்காட்சி வைக்கிறோம் என்றும், நான் கட்டாயம் வர வேண்டும் என்றும் போனில் உத்தரவு போட்டாள். "படத்தை மாட்ட ஆள் இல்லையடி. கொக்கியும் கம்பியும் கொண்டு வா." விருந்தாளியைக் கூப்பிடும் அழகைப் பாருங்கள்.

கொழும்பு விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, உள்ளே குவிந்து கிடந்த கொக்கிகளைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். படம் மாட்ட என்று கையை ஆட்டி விளக்கினேன். அவர் வீட்டுக் கடிகாரம் சுவரிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். செங்கல் சுவரில் ஆணியைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும் என்று பாடம் நடத்திவிட்டு வெளியே வந்தேன். கும்பிடு போட்டு அனுப்பி வைத்தார், நல்ல மனிதர்.

கண்டியில் மாத்தளை வழியாகப் போகும் பேருந்தில் ஏறினேன். ஓட்டுநர் போட்டதெல்லாம் நம்ம ஊர்ப் பாட்டு. ஜன்னலில் மலைக்காற்று. கேட்கவா வேண்டும், தூங்கிப்போனேன். கண் விழித்தபோது இரண்டு பக்கமும் வயல். பலகையில் நாவுல என்று எழுதியிருந்தது. பக்கத்தில் காய்கறிச் சாக்கை மடியோடு அணைத்துக்கொண்டு ஒரு சிங்களப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். நான் "மாத்தளை, மாத்தளை" என்று பதறியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முன் இருக்கைக்காரர் தமிழில் சொன்னார்: "மாத்தள போயி ரொம்ப நேரமாச்சுங்க. நீங்க நல்லா தூங்குனீங்க, எழுப்ப மனசு வரலன்னு சொல்றாங்க."

அந்த அம்மாதான் என்னோடு இறங்கி, திரும்பிப் போகும் பேருந்தை நிறுத்தி ஏற்றிவிட்டார். சாக்கிலிருந்து ஒரு கை நிறையப் பீன்ஸை அள்ளி என் பையில் போட்டார். அங்கே அதைப் போஞ்சி என்கிறார்கள். நடத்துநரிடம் என்னமோ சொன்னார், வண்டியே சிரித்தது. "இவங்கள தூங்க விட்டுடாதீங்க" என்றாராம். அதற்கப்புறம் பலாபத்வல தாண்டும் வரைக்கும் யாராவது ஒருவர் மாற்றி ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் ஊர்ப் பேருந்தில் தூங்கி விழுந்தால் தோளைத் தட்டிவிட்டு முறைப்பார்கள். இங்கே ஊரே சேர்ந்து காவல் காத்தது.

மாத்தளையை ஒட்டி, மாலினியின் வீடு இருக்கும் அலுவிகாரையில் இறங்கியதும் அவள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் பின்னால் ஒல்லியாக, நெட்டையாக, வெள்ளைச் சட்டையில் மாமா. "வாரும் பிள்ளை. பயணம் எல்லாம் சுகமோ?" என்று கேட்டார். கேட்டது என்னை, பார்த்தது எதிரே இருந்த டீக்கடையை. நான் பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியது. எனக்குச் சுருக்கென்றது. மதுரைக்காரிக்கு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். வீட்டுக்குள் போனதும் மாலினியிடம் பொரிந்து தள்ளினேன்.

"ஐயோ லூசே, அவர் உன்னைத்தான் பார்த்தவர்" என்றாள் அவள். "அவருக்கு நடுக்கண் பார்வை போய் நாலு வருசம். நேரே பார்த்தால் முகம் இருக்கிற இடத்திலை புகைதான் தெரியும். ஓரத்தாலைதான் பார்ப்பார்."

என் வாயை எங்கே கொண்டு வைப்பது? இரவுச் சாப்பாட்டில் இடியாப்பமும் சொதியும் பரிமாறியபோது மாமா சுவரைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வையும், இலையிலை ஒண்டும் இல்லை" என்றார். இலை காலியாக இருந்தது உண்மை. அன்றைக்கு எட்டு இடியாப்பம் சாப்பிட்டேன், அதில் பாதி வெட்கத்தில் சாப்பிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை கண்காட்சி திறந்தது. நான் வந்து சேர்வதற்குள்ளேயே மாலினி கிடைத்த ஆணியில் படங்களை மாட்டி முடித்திருந்தாள், என் கொக்கிகள் பெட்டியிலேயே கிடந்தன. இடம், சாலையோரத்தில் ஒரு பழைய மிளகுக் கிட்டங்கி. அதைக் கொடுத்தவர் மாத்தளை டவுனில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்ற காசிம் என்பவர், மாமாவின் நாற்பது வருட நண்பர். இடத்தைக் கொடுத்துவிட்டு, சுண்ணாம்பும் அடித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். சாக்குகளை அகற்றினாலும் மிளகு வாடை போகவில்லை. ஆக, எல்லாப் படத்துக்கும் முதல் விமர்சனம் தும்மல்தான்.

வாசலில் மாமா முன்காலத்தில் வரைந்த இரண்டு முகங்களை வைத்திருந்தார்கள். ஒரு பள்ளி அதிபர், ஒரு டாக்டர். மூக்கும் முழியும் அச்சு அசலாக இருந்தன. என் கடைக்கு வந்தால் மறுபேச்சில்லாமல் தங்கக் கலர் சட்டம் அடித்து அனுப்பியிருப்பேன், அன்றைக்கே மறந்தும் போயிருப்பேன்.

உள்ளே போனேன். அடி ஆத்தி!

இருபத்திரண்டு படங்கள். ஒன்றில்கூட முகத்தின் நடுப்பகுதி இல்லை. கண், மூக்கு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலால் தேய்த்த சாம்பல் நிறம். ஆனால் அதைச் சுற்றி! காது மடலின் ஒவ்வொரு மடிப்பும், கழுத்து நரம்பும், காதோரத்து நரையும், சட்டைக் காலரின் அழுக்கும், ஆள் உட்கார்ந்த நாற்காலிக் கையின் கீறலும் அப்படியே உட்கார்ந்திருந்தன. பொதுவாக எந்தப் படமும் ஓரத்துக்குப் போகப்போக அசட்டையாகிவிடும். ஓவியர்களுக்கு அங்கே வரும்போது கை வலித்துவிடும் போல. எங்களை மாதிரி ஆட்கள் அதன் மேல் கட்டையை வைத்து மூடிவிடுவோம். இங்கே எல்லாம் தலைகீழ். நடு கலங்க, ஓரம் கூர்ந்துகொண்டே போனது. நான் நகராமல் நின்றேன்.

அதைவிட ஆச்சரியம், வந்தவர்கள் அத்தனை பேரையும் அடையாளம் கண்டதுதான். "இது எங்கட தபால்காரர் இல்லையா? காத பாருங்க, காத!" என்று ஒருவர் கத்தினார். புத்த விகாரைக்கு முன்னால் பூ விற்கும் அம்மா தன் படத்தின் முன் நின்று, தன் காது மடலைக் கையால் பொத்திக்கொண்டார். "நாற்பது வருசமா தோடு இழுத்த ஓட்டை இது. இவருக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று சிங்களத்தில் கேட்டதாக மாலினி சொன்னாள். மூக்கும் முழியும் இல்லாமல் ஊரே அங்கே உட்கார்ந்திருந்தது. பொறாமையாகவே இருந்தது எனக்கு. மதுரையில் என்னை யாராவது காதை வைத்துக் கண்டுபிடிப்பார்களா?

மாமா மட்டும் பதினான்காவது படத்துக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முக்காடு போட்ட ஒரு பெண்ணின் படம் அது. "இதுதான் என்ரை ஓரக்கண் ஒழுங்காய் வேலை செய்த கடைசிப் படம்" என்றார். "இப்ப கண்ணிலை அழுத்தமும் சேர்ந்திட்டுது. ஓரமும் உதிருது பிள்ளை. இனிப் படம் கீறமாட்டன். திங்கக்கிழமை எல்லாம் கொழும்புக்குப் போகுது. அதுக்குள்ளை ஊர்ச்சனம் இதைப் பார்க்கோணும்."

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் ஒருவர் பதினான்காவது படத்தின் முன் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. மாலினியை ஓரமாக அழைத்தார். அவர் பெயர் நவ்சாத், செத்துப்போன காசிமின் மைத்துனர், காசிம் மனைவியின் தம்பி.

"தங்கச்சி, இது எங்கட பரீதா ராத்தா."

"ஓம் நானா. உங்கட மச்சான் இருக்கேக்குள்ளை வந்து இருந்து கீறினதுதானே."

"அது சரி. இப்ப ராத்தா இத்தாவில ஈக்கிறாங்க. மச்சான் மௌத்தாகி ரெண்டு மாசந்தான். வெளி ஆம்புளைங்க பாக்கக்கூடாத நேரத்துல இப்பிடி நடுக் கிட்டங்கியில வச்சா எப்பிடி?"

ராத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். இத்தா என்றால் கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டிலேயே இருப்பது. அந்நிய ஆண்கள் முன் வரமாட்டாள். அது எனக்கும் தெரியும், என் கடைக்குப் பக்கத்துக் கடை பாய் கடை. ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "முகமே இல்லையேங்க இதுல!" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மச்சானும் அதைத்தான் சொன்னாரு. 'அவருக்குத்தான் முகம் தெரியாதே, அப்ப கீறினாலும் முகம் வராது, குத்தமில்ல' எண்டுதான் ராத்தாவ உக்கார வச்சாரு. இப்ப பாருங்க, பள்ளியில இருந்து வந்த அத்தன பேரும் வாசல்லயே 'அது பரீதா ராத்தா' எண்டு சொல்லிட்டாங்க. முகம் இருந்தாக் கூட இவ்வளவு தெரியாதுங்க."

அதற்கு மேல் ஒரு ஓவியனுக்கு என்ன பாராட்டு வேண்டும்? ஆனால் அது பாராட்டாக அங்கே இறங்கவில்லை. உடனே பள்ளிவாசல் மதகுருவான ஹஸ்ரத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். இத்தா ஆளுக்குத்தான், படத்துக்கு இல்லை, ஆனாலும் குடும்பத்தார் மனம் நோகாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாராம். நவ்சாத் சத்தம் போடவில்லை, கெஞ்சினார். மாலினி படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள். மாமா கதிரையை அங்கிருந்து நகர்த்தவில்லை.

சனிக்கிழமை காலை நான் சீக்கிரமே போய்விட்டேன். வருகிறவர்கள் எல்லாம் அந்தப் படத்தின் முதுகைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். படத்தின் முதுகைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்குமா? சட்டத்தை எந்தப் புண்ணியவான் அடித்தானோ, படம் உட்காரும் உள்பள்ளத்தை அளவுக்கு மீறி வெட்டி, ஆணியைக் கோணலாக இறக்கியிருந்தான். பொறுக்க முடியவில்லை. இறக்கி மேசையில் வைத்து, ஆணியைப் பிடுங்கினேன். சட்டத்தைத் தூக்கியதும் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கட்டைக்கு அடியில் மறைந்திருந்த பகுதி வெளியே வந்தது.

அங்கே ஒரு கை.

பரீதா உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆணின் கை. வெள்ளை முழுக்கைச் சட்டை. சாதிக்காய் உடைத்து உடைத்துக் கறை ஏறிய நகங்கள், தளர்ந்த கடிகாரப் பட்டை, மணிக்கட்டில் பட்டன் இல்லாமல் வாய் பிளந்த சட்டை மடிப்பு, பட்டன் இருந்த இடத்தில் இரண்டு நூல் துண்டு. இருபத்திரண்டு படங்களிலும் இவ்வளவு கூர்மையான இடம் வேறில்லை.

"மாமா, இது யாரு கை?" என்று கேட்டேன்.

அவர் தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார். "காசிம். வேற ஆர்? அந்நிய ஆம்பிளை முன்னாலை மனிசியைத் தனியே விடுவாரோ? மூண்டு நாளும் கதிரைக்குப் பக்கத்திலையே நிண்டவர். என்ரை கண்ணுக்கு ஓரம்தானே விழும். அவளைக் கீறத் தொடங்கினனான், வடிவாய் விழுந்தது அவர்." பிறகு, "ஏன், நேற்றுச் சனம் அவரைப் பார்க்கேல்லையோ?" என்றார்.

சட்டம் மறைத்துவிட்டது என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. என் தொழிலின் மேல் எனக்கே அன்றைக்குக் கோபம் வந்தது. எத்தனை பேரின் ஓரத்தை நான் கட்டைக்குள் போட்டு மூடியிருக்கிறேனோ!

"பரீதாவிடம் யாராவது கேட்டீங்களா?" என்றேன் மாலினியிடம். ஹஸ்ரத்தைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள். படத்தில் இருப்பவரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மாமா போக முடியாது, இத்தா வீட்டில் அவரும் அந்நிய ஆண்தான். "நாம ரெண்டு பேரும் பொம்பளைங்கதானே? கிளம்பு" என்றேன்.

படுக்கை விரிப்பில் படத்தைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். உள்ளே நுழையாததால் பாதிப் படம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பாதி வழியில் தூறல் பிடித்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தன் மழைக்கோட்டைக் கழற்றிப் படத்துக்குப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டே ஓட்டினார். டவுனில் நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் கோட்டில் கால் வைத்த உடனே லாரிகூட நின்றது. மதுரையில் இது நடந்தால் பேப்பரில் போடுவார்கள்.

நவ்சாத் வாசலிலேயே நின்றார். "படத்தையே கொண்டு வந்துட்டீங்களா?" என்று தலையில் கை வைத்தார். "உங்க ராத்தா ஒரு தடவை பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா அப்படியே திருப்பிக் கொண்டுபோயிடறோம்" என்றேன். அவர் திரையை விலக்கி, உள்ளே குரல் கொடுத்துவிட்டு, தான் தெருவுக்கு இறங்கிவிட்டார்.

பரீதாவுக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை உடுப்பு. தொழும் அறையில் உருவப்படம் வைக்கக்கூடாது என்று எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். அரிசி வாளியில் சாய்த்து வைத்து விரிப்பை விலக்கினேன். தன் படத்தை அவர் பார்க்கவே இல்லை. கண் நேரே வலது ஓரத்துக்குப் போனது. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தீங்களா, பட்டன் இல்லாமலே போய் நிண்டிருக்காரு மனுசன்!" என்றார்.

விரிப்பை மடித்துக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"கழட்டித் தாங்க, ரெண்டு நிமிசத்துல தைச்சுத் தாறேன் எண்டு சொன்னேன். நேரமாச்சு, சிவநேசன் காத்துக்கிட்டு ஈப்பாரு எண்டு அப்பிடியே இழுத்துக்கிட்டுப் போனாரு. படத்துல வரப்போறது நீதானே, என்ட பட்டன யாரு பாக்கப்போறாங்க எண்டு கேட்டாரு." சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். "அவருக்குப் போட்டோ புடிக்காது. அடையாள அட்டையில ஈக்கிற படந்தான் மிச்சம், அதுலயும் களவெடுத்த ஆள் மாதிரி ஈப்பாரு. இது அவரேதான்."

மாலினி மூக்கை உறிஞ்சினாள். நானும் அழுதேன், அதை எதற்கு மறைக்க வேண்டும்?

அவர் பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். நாங்கள் குடித்து முடிக்கும் வரை படத்தின் ஓரத்திலேயே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு வெள்ளைத் துணியை மடித்து எடுத்து வந்தார்.

"படத்துல என்ன மட்டும் மூடுங்க" என்றார். "இத்தா முடியுற வரைக்கும் எங்க கொண்டு போனாலும் மூடியே வைங்க. அவர மூட வேணாம். அவருக்கு இத்தா இல்லையே!"

வாசலில் நவ்சாத்திடம் இதைச் சொன்னேன். படத்தின் ஓரத்தை அவருக்கும் விலக்கிக் காட்டினேன். "கெட்டியா புடிச்சிக்கங்க, ரோட்டு சரியில்ல" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

அன்று மாலையே கிட்டங்கியில் பழைய பலகையை அறுத்துப் புதுச் சட்டம் அடித்தேன். இரும்பு வியாபாரி மகளாகப் பிறந்து மரத்தை நம்பிப் பிழைத்த என் வாழ்க்கையில் அவ்வளவு ஒல்லியான சட்டம் அடித்ததில்லை. ஒரு நூல் அளவுகூடப் படத்தை மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினான்காவது படம் நேராக மாட்டப்பட்டது. முக்காலே மூணுவீசம் வெள்ளைத் துணி. வலது ஓரத்தில் மட்டும் ஒரு கை. வாசலில் நுழைந்தவர்கள் நேரே அங்கேதான் போனார்கள். "காசிம் நானா!" என்றார்கள். "காசிம் முதலாளி" என்றார்கள். மிளகு கொண்டுவந்து கொடுக்கும் சிங்கள விவசாயிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நவ்சாத் குடும்பத்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். தும்மினார்கள், கண்ணைத் துடைத்தார்கள். எது மிளகால், எது காசிமால் என்று நான் கேட்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டார். கதிரையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். பரீதா என்ன சொன்னவ?"

"பட்டனைச் சொல்லித் திட்டினாங்க மாமா. அன்னைக்கு அவர் சட்டையில பட்டன் இல்லையாம். அதையும் வரைஞ்சிருக்கீங்க, ரெண்டு நூலோட."

"பட்டன் இல்லையோ?" என்றார் அவர். "அது என்ரை கண்ணின்ரை பிழை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். பட்டன் இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியேல்லை எண்டு. உண்மையாவே இல்லையோ?"

"உண்மையாவே இல்லை மாமா. தைச்சுத் தரேன்னு சொல்லியும் கேக்காமப் போயிட்டாராம்."

"அப்ப எனக்குச் சரியாத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார். என் முகத்தைப் பார்ப்பதற்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.